தீட்டுக் கரம் தீர்த்த பிணி

பிள்ளை பிறப்பது மங்கலம் என்றனர். பேறு நடக்கும் அறையைத் தீட்டு என்றனர். மகன் பிறந்தான் என்று தெருவெல்லாம் கற்கண்டு வழங்கிய வீடு, அந்த மகனை வெளிக்கொணர்ந்த கையை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. தொப்புள்கொடி அறுப்பது, குருதி தோய்ந்த துணியை அலசுவது, நஞ்சுக்கொடியைப் புதைப்பது ஆகிய இவையெல்லாம் 'இழிந்தோர்' தொழில். நாள் பார்த்துச் சாதகம் கணிப்பதும், மந்திரம் ஓதிப் பெயர் சூட்டுவதும் 'உயர்ந்தோர்' தொழில். இந்தப் பங்கீட்டுக்குச் சாத்திரம் என்று பெயர்!

நம் நாட்டிலே முடிதிருத்தும் சமுதாயத்தாருக்கு மருத்துவர் என்ற பெயர் வழங்கியதையும், அச்சமுதாயத்துப் பெண்டிர் மருத்துவச்சிகளாக ஊர் ஊராகப் பேறு பார்த்ததையும் முதியோர் அறிவர். பெயரிலே மருத்துவம் இருந்தது. மதிப்பிலே தீட்டுத்தான் இருந்தது. வடபுலத்திலும் இதே வழக்கம். ஆங்கே கொடி அறுக்கும் வேலை பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்களின் தலையிலே சுமத்தப்பட்டது. அறிவு தரப்படவில்லை, வேலை மட்டும் தரப்பட்டது. அரிவாளோ, கிடைத்த கத்தியோ கொண்டு கொடியை அறுத்து, அறுத்த இடத்தில் 'புனிதமான' சாணத்தை அப்பினர். எட்டு நாளிலே குழந்தை வாய் திறவாது, உடல் வில்லாய் வளைந்து மாண்டது. பேய் பிடித்தது என்றனர். சாணத்திலிருந்த கிருமியைப் பற்றிச் சொல்வார் எவருமிலர்.

மராட்டியத்து மருத்துவமனை ஒன்று இந்தக் கணக்கை எவ்வாறு மாற்றி எழுதியது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஊர் பெயர் ஜாம்கேட். 2024ஆம் ஆண்டில் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற அகமதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வறண்ட வட்டம் அது. மழை பொய்ப்பது அங்கே செய்தியன்று, வழக்கம். மாவட்டத்துக்குப் புதுப்பெயர் தந்த அகில்யாபாய் ஓல்கர் 1725இல் பிறந்த சோண்டி என்னும் சிற்றூர் இந்த ஜாம்கேட் வட்டத்தில்தான் உள்ளது. ஆடு மேய்க்கும் குலத்தில் பிறந்து மாளவ நாட்டை ஆண்ட பெண்மணி அவர். அரசாண்ட பெண்ணைப் பெற்ற அதே மண்ணிலே, இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும், பிள்ளை பெற்றுப் பிழைப்பதே பெண்ணுக்கு அரிதாக இருந்தது.

இந்த ஊருக்கு 1970இல் மருத்துவத் தம்பதியர் இருவர் வந்தனர். கணவர் ரஜனிகாந்த் ஆரோலே, அதே மாவட்டத்து ஆசிரியர் குடும்பத்தில் 1934இல் பிறந்தவர். மனைவி மேபல், ஜபல்பூரில் பிறந்தவர். இருவரும் பயின்ற இடம் எது தெரியுமா? நம் வேலூர்! ஐடா ஸ்கடர் அம்மையார் உருவாக்கிய கிறித்துவ மருத்துவக் கல்லூரி.

அந்தக் கல்லூரி பிறந்த கதையே ஒரு சீர்திருத்தக் கதைதான். 1890களில், திண்டிவனத்தில், மருத்துவப் பாதிரியாரின் மகளாக இருந்த ஐடாவின் வாயிலில் ஒரே இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து நின்றனர். மூவர் வீட்டிலும் மனைவியர் பேறுகால வேதனையில் துடித்தனர். தந்தையார் வருவார் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் எம் பெண்களைத் தொடுவதா என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். உயிரினும் பெரிது ஆசாரம்; ஆனால் போனது ஆசாரம் பேசிய ஆணின் உயிரன்று! ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900இல் திரும்பினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1947 முதல் ஆண்களும் அங்கே சேர்க்கப்பட்டனர். ஆரோலே தம்பதியர் அந்தப் பரம்பரையின் பிள்ளைகள்.

1960இல் மணம் புரிந்துகொண்ட இவர்கள், சிற்றூர்களுக்கே உழைப்பதென மணநாளிலேயே உறுதி பூண்டனர். அகமதுநகர் மாவட்டத்து வடாலா மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணி செய்தபோது உண்மையொன்று அவர்களைச் சுட்டது. இன்று வயிற்றுப்போக்குக்கு மருந்து பெற்றுச் சென்ற குழந்தை, அடுத்த திங்கள் அதே நோயுடன் திரும்பி வந்தது. இருமலுக்கு வந்தவர் மீண்டும் இருமலுக்கே வந்தார். ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போலத்தான் மருத்துவம் நடந்தது. நோயின் வேர் மருத்துவமனைக்கு வெளியே, ஊரிலே, குடிநீரிலே, பட்டினியிலே இருந்தது. அமெரிக்கா சென்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்று திரும்பிய பின்னரே ஜாம்கேட்டைத் தேர்ந்தனர். ஊரார் கொடுத்த இடம் கால்நடை மருத்துவத்துக்குப் பயன்பட்டுக் கைவிடப்பட்ட பழைய கட்டடம். மாட்டுக்கு மருத்துவமனை கட்டிய அரசு, மனிதருக்குக் கட்ட மறந்திருந்தது போலும்!

நல்ல மருத்துவர் வந்தார் என்றதும் கூட்டம் குவிந்தது. அத்துடன் நின்றிருந்தால், நாட்டில் உள்ள ஆயிரம் அறநிலைய மருத்துவமனைகளுள் ஒன்றாக ஜாம்கேட்டும் இருந்திருக்கும். நாமும் அதைப்பற்றி எழுதியிருக்க மாட்டோம். முப்பது சிற்றூர்கள், நாற்பதாயிரம் மக்கள்: இவர்களின் உடல்நலத்துக்குப் பொறுப்பேற்பது என்று முடிவு செய்தபோதுதான் உண்மையான சோதனை தொடங்கிற்று.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். படித்த துணைச் செவிலியரைக் கிராமங்களுக்கு அனுப்பினர். தோல்வி! நகரத்து உடையும் நகரத்துப் பேச்சும் கொண்ட இளம்பெண் தனியே ஓர் ஊரில் தங்க அஞ்சினாள். ஊர்ப் பெண்களோ அவள் சொல்லைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மாமியார் சொன்னபடியே நடந்தனர். பிள்ளை பெறாத பெண்ணா நமக்குப் பேறு பற்றிச் சொல்வது என்று எண்ணினர். செவிலியர் மீது குற்றமில்லை. ஒரு பெண்ணைத் துணையின்றி அறியாத ஊருக்கு அனுப்பிவிட்டு அவளையே பழிப்பது நம் நாட்டு நிர்வாகத்தின் பழைய கலை. அவ்வேளையில் ஊர்த்தலைவர் ஒருவர் யோசனை கூறினார்: எங்கள் ஊர்ப் பெண்ணொருத்திக்கே இதைக் கற்றுக் கொடுத்தால் என்ன?

எளிய கேள்வி. ஆனால் அதற்குள் வெடிமருந்து இருந்தது. ஊர்ப் பெண் என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவள். பேறு பார்க்கத் துணிபவள் என்றாலோ பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலத்தவள். அவளிடம் மருத்துவத்தை ஒப்படைப்பதா? மருத்துவத் தொழிலார் பலர் நகைத்தனர், சிலர் சினந்தனர். வேதத்தைக் கேட்ட சூத்திரன் செவியில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன காலம் போய்விட்டது என்பர். அறிவுக்கு வேலி கட்டும் புத்தி போயிற்றா? வேதத்தின் இடத்தில் பட்டம் வந்து அமர்ந்தது, அவ்வளவே. எழுத்தறியாதவள் எண்ண அறியாதவள் அல்லள் என்பதை ஏற்கப் படித்தவர்க்குத்தான் நெடுங்காலம் பிடித்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களில் பலர் தாழ்த்தப்பட்டோர். கணவனால் கைவிடப்பட்டோரும், ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்தறியாதோரும் அவர்களுள் உண்டு. வாரந்தோறும் ஜாம்கேட் வந்து, இரவு தங்கி, பயிற்சி பெற்றுத் திரும்பினர். ஏடு இல்லை, பாட்டும் கதையும் படமும் கண்கூடான செயல்விளக்கமுமே பாடம். கருவுற்றவளின் எடை ஏறுகிறதா, குழந்தையின் மேற்கை மெலிந்துள்ளதா, மூன்று வாரத்துக்கு மேல் நீளும் இருமலா என்று பார்க்கக் கற்றனர். எதைத் தாமே தீர்க்கலாம், எதை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் கற்றனர்.

ஆனால் மருத்துவப் பாடத்துக்கு முன்னரே ஒரு பாடம் காத்திருந்தது. பயிற்சிக்கு வந்த பெண்கள் முதலில் சேர்ந்து உண்ண மறுத்தனர். இவள் தொட்ட நீரை அவள் பருகாள்; அவள் சமைத்ததை இவள் தொடாள். இதைப் படிக்கும் நம் நெஞ்சில் சேரன்மாதேவி எழாமல் இருக்குமா? 1924இல் தேசியக் குருகுலம் என்று பொதுப்பணம் திரட்டி, அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி நடத்தியதைத் தந்தை பெரியார் எதிர்த்து நின்ற வரலாறு நாம் அறிந்ததே. அங்கே படித்தவர்கள் பந்தியைப் பிரித்தனர். ஜாம்கேட்டில் படிப்பறியாத பெண்கள், சில திங்களில், ஒரே அடுக்களையில் சமைத்து ஒரே வரிசையில் உண்டனர். குளிர் இரவில் ஒரே பெரிய போர்வையின்கீழ்ப் படுத்துறங்கினர். ஆரோலே தம்பதியர் இதனை மருத்துவப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதினர். சேரிக் குழந்தையைத் தொட மறுப்பவள் அதன் காய்ச்சலை எங்ஙனம் அறிவாள்?

சாதியும் ஒரு நோய்க்காரணி என்று அறிந்து நடந்த மருத்துவமனை இது என்பதற்குத் தண்ணீர்க் கதை சான்று. 1972ஐ ஒட்டிய ஆண்டுகளில் மராட்டியத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. கிணறுகள் வற்றின. ஜாம்கேட் திட்டத்தார் ஆழ்துளைக் கிணறுகள் தோண்ட உதவி திரட்டினர். எங்கே தோண்டுவது? ஊர் நடுவே தோண்டினால் சேரி மக்கள் வழக்கம்போல் எட்ட நின்று, யாரேனும் இரங்கி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே, தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலேயே குழாய்கள் அமையுமாறு பார்த்துக்கொண்டனர். தாகத்துக்குச் சாத்திரம் தெரியாதன்றோ! உயர்சாதியார் குடத்துடன் சேரிக்கு நடந்தனர். நீர் மொண்டனர், பருகினர், பிழைத்தனர். எவர் தலையும் வெடிக்கவில்லை.

1868இல் பூனாவில் சோதிராவ் பூலே தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தாழ்த்தப்பட்டோர்க்குத் திறந்துவிட்டார். 1927இல் மகாத் நகரத்துச் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகினார். அதற்காக அவருடன் சென்றோர் அடிபட்டனர். அந்த மராட்டிய மண்ணிலேயே, ஒரு மருத்துவமனையின் குழாய், அடிதடி எதுவுமின்றி ஆதிக்கச் சாதியாரைச் சேரிக்கு அழைத்து வந்தது. மகாத்தில் எழுந்தது உரிமைக் குரல். ஜாம்கேட்டில் நடந்ததைத் தந்திரம் என்றுகூடச் சிலர் சொல்லலாம். சொல்லட்டும். உரிமையை ஏற்க மறுத்த ஊர் தேவைக்குத் தலைவணங்கியது என்பதே உண்மை. பின்னதற்கு வழிசெய்தவரையும் நாம் பாராட்டத்தான் வேண்டும். பஞ்ச காலத்துப் பொது அடுக்களைகளிலும் எல்லாச் சாதிக் குழந்தைகளும் சேர்ந்தே உண்டனர்.

இனி, அந்தப் பெண்கள் ஊர் திரும்பிச் செய்த பணியைக் காண்போம். கருவுற்றவள் வயிறு நிறைய உண்டால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும் என்று அரை வயிறு ஊட்டும் வழக்கத்தை எதிர்த்தனர். சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுவதைத் தடுத்தனர். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு நீரே தரலாகாது என்னும் மடமையால் பச்சிளம் உயிர்கள் வாடி மடிந்தன. கொதித்தாறிய நீரில் சர்க்கரையும் உப்பும் அளவறிந்து கலந்து புகட்டக் கற்றுக் கொடுத்தனர். அம்மை கண்டால் தேவி வந்தாள் என்று கும்பிட்டுக் கிடந்த வீட்டிலே, தேவியைத் தடுக்கும் ஊசி உண்டு என்று கூறினர். 'அம்மை' என்று நோய்க்கே தாயின் பெயர் சூட்டிய நமக்கு இந்தப் போராட்டத்தின் கடுமையை விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சிறு பொட்டலம்! உள்ளே சோப்பு, புதிய பிளேடு, தூய நூல், துணி. இவற்றால் விலை மதிப்பற்ற உயிர்கள் காக்கப்பட்டன. காலங்காலமாய்க் கொடி அறுத்த அதே கைதான். அறுத்த கருவி மாறியது, அறுத்தவளுக்குக் காரணம் தெரிந்தது. கையைக் கழுவு, பிளேடைத் தூய்மையாக வை, சாணத்தை விலக்கு என்று சொல்ல எந்தக் கல்லூரியும் தேவைப்படவில்லை. யாரேனும் ஒருவர் அவளை மதித்துச் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல ஆயிரமாண்டு ஆயிற்று!

கணக்கைப் பாருங்கள். 1971இல் அவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 176 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் இறந்தன. 1976இல் அது 52 ஆயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் 30க்கும் கீழே இறங்கியது. 176 எப்போது 52 ஆனது? ஐந்தே ஆண்டுகளில், பஞ்சத்தின் நடுவே, செல்வம் பெருகுவதற்கு முன்பே. வறுமை தீர்ந்தால்தான் சாவு குறையும், அதுவரை விதி என்று பொறுத்திருங்கள் என்போர் வாயை அடைக்க இந்த இரண்டு எண்களே போதுமானவை.

மருத்துவமனை இதனால் தேவையற்றுப் போனதா? இல்லை. குறுக்கே கிடக்கும் குழந்தையை வெளியெடுக்கக் கத்தி வேண்டும், குருதி வேண்டும், தேர்ந்த மருத்துவர் வேண்டும். உரிய நேரத்தில் நோயாளியை அனுப்பத் தெரிந்த ஒருத்தி ஊரில் இருந்ததால்தான் சிறிய மருத்துவமனை பெரிய பயன் தந்தது. அங்கே பணியாளர் முறையும் வேறுவிதம். ஊர்களுக்குச் செல்லும் குழுவில் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் என்போருடன் ஓட்டுநரும் ஓர் உறுப்பினர். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுத் தூங்குவது அவர் வேலையன்று; ஊராருடன் பேசுவதும், மருத்துவப் பணிக்குத் துணை நிற்பதும் அவர் கடமை. தொழுநோயாளரைத் தனியே ஒதுக்காமல் மற்ற நோயாளருடனேயே வைத்து மருந்தளித்தனர். கால் இழந்தோர்க்கு ஜெய்ப்பூர்க் கால் செய்து பொருத்தும் பட்டறை ஒன்றும் எழுந்தது. அதில் உழைத்தோர் உள்ளூர்க் கைவினைஞர்.

1975இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேட் முயற்சி இடம்பெற்றது. 1978இல் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள் அனைவர்க்கும் நலவாழ்வு என்று முழங்கியபோது, எடுத்துக்காட்டாக நின்ற முயற்சிகளுள் இதுவும் ஒன்று. 1979இல் தம்பதியர் இருவர்க்கும் மகசேசே விருது கிட்டியது. 1988இல் வாஷிங்டன் நகரத்து மாநாட்டு மேடையில் முக்தாபாய் போல் என்னும் கிராம நலப் பணிப்பெண் பேசினார். மண்டபத்துக் கொத்துவிளக்குகளைச் சுட்டி, அவை அழகியவை, ஆனால் விலை மிக்கவை, எட்டாதவை என்றார். கையிலிருந்த சிறு அகலைக் காட்டி, இதுவோ மலிவானது, தன்னைக்கொண்டு இன்னொரு விளக்கை ஏற்றவல்லது என்றார். உலகத்து மருத்துவப் பேரறிஞர்கள் எழுந்து நின்று கைதட்டினர். சொந்த ஊரில் நிமிர்ந்து நடக்கக்கூட உரிமையற்றிருந்த பெண்களின் சார்பில் எழுந்த குரல் அது.

நம் ஆட்சியாளரும் பார்த்தனர், படியெடுத்தனர். 1977 அக்டோபர் 2இல் நடுவணரசு ஆயிரம் பேருக்கு ஒரு கிராமச் சுகாதாரப் பணியாளர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மூன்று திங்கள் பயிற்சி, திங்களுக்கு 50 ரூபாய். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டோரில் பெரும்பாலோர் ஆண்கள்! பேறு பார்க்கவும், பச்சிளங்குழந்தையைப் பேணவும் தேவைப்பட்ட இடத்தில் ஊர்ப் பெரியதனக்காரரின் உறவினர்கள் மருந்துப்பெட்டியுடன் அமர்ந்தனர். ஜாம்கேட்டின் உடலைப் பார்த்தவர்கள் உயிரைப் பார்க்கத் தவறினர். 2005இல் வந்த தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் இந்தத் தவற்றைத் திருத்தி, ஆஷா என்ற பெயரில் பெண்களையே அமர்த்தியது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் இப்பெண்களுக்கு விருதும் அளித்தது.

இங்கே ஒன்றைக் கேளாமல் மேலே செல்ல மனமில்லை. ஆஷாப் பெண்கள் தொண்டர் என்றே அழைக்கப்பட்டனர். ஊழியர் என்று ஏற்கப்படவில்லை. ஊதியம் கேட்டு வீதிக்கு வந்தனர். ஜாம்கேட்டின் பெண்களும் மாதச் சம்பளக்காரர் அல்லர். சிறுதொழிலுக்குப் பயிற்சியும் கடனுதவியும் பெற்றுத் தம் வருவாயைத் தாமே ஈட்டினர். பணத்தால் கட்டப்படாததால்தான் ஊரின் மதிப்பைப் பெற்றனர் என்பது ஆரோலே தம்பதியரின் கருத்து. ஒரு சிறு வட்டாரத்தில், அன்பும் பயிற்சியும் நாள்தோறும் கிட்டிய இடத்தில் அது பொருந்தியிருக்கலாம். அரசே அதைக் கொள்கையாக்கும்போது மட்டும் நாம் ஐயுறுகிறோம். மருத்துவர் ஊதியம் பெறுகிறார், அமைச்சர் பெறுகிறார், கோப்பைத் தூக்கும் எழுத்தரும் பெறுகிறார். சேவை என்ற மாலை ஏழைப் பெண்ணின் கழுத்துக்கு மட்டும் எப்படிப் பொருத்தமாயிற்று? அன்று கொடி அறுத்தவளுக்கு ஒரு முறம் தானியம் தந்து அனுப்பிய பண்ணையாரின் கணக்கு இதில் ஒளிந்திருக்கவில்லையா?

ஆரோலே தம்பதியர் கடவுள் நம்பிக்கை உடையோர். ஏசுவின் பெயரால் தொண்டு செய்தோர். வெளிநாட்டுத் திருச்சபை அமைப்புகளின் உதவியும் தொடக்கத்தில் இருந்தது. பகுத்தறிவாளர் இதை மறைக்க வேண்டியதில்லை. நோயாளி எந்தக் கடவுளை வணங்குகிறார் என்று கேட்டு அவர்கள் மருந்தளிக்கவில்லை; எந்தக் கிணற்றில் நீர் மொள்ள அவருக்குத் தடை என்று கேட்டனர். நமக்கு அது போதும்.

மேபல் அம்மையார் 1999இல் மறைந்தார். ரஜனிகாந்த் 2011இல் மறைந்தார். மகள் ஷோபா, அவரும் மருத்துவர், பொறுப்பை ஏற்றார். பெற்றோர் உயிருடன் இருந்தபோதே, 1990களில், ஜாம்கேட்டில் பயிற்சி நிலையம் ஒன்று உருப்பெற்றது. ஆசிய, ஆப்பிரிக்க, அமெரிக்க நாடுகளிலிருந்து மருத்துவப் பட்டதாரிகளும் மாணவர்களும் அங்கே வந்து திங்கள் கணக்கில் தங்கிக் கற்றனர். பேறு பார்ப்பது எப்படி, பட்டினியை ஊர்க் கூட்டத்தில் பேச்சுக்கு எடுப்பது எப்படி, சாணம் அப்பும் மாமியாரிடம் சண்டையின்றி வாதாடுவது எப்படி என்று அவர்களுக்கு மராத்தி மொழியிலே பாடம் நடத்தினர், எழுத்தறியாமலே பணியைத் தொடங்கிய அந்தப் பெண்கள். பட்டம் பெற்றோர் தரையில் அமர்ந்து குறிப்பெடுத்தனர்; உடனிருந்தவர் மொழிபெயர்த்துச் சொன்னார்.